வெள்ளைப் பந்து போகும் வழி

பாக்கெட் பில்லியர்ட்ஸ் ஆட்டத்தை முதன்முறை உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஆடுபவர் உலகத் தரம் என்கிறார்கள். ஆனால் அவருக்கு வாய்க்கும் பந்தெல்லாம் சுலபமானதாகவே இருக்கிறது. ஒன்று குழிக்கு ஓரடி தூரத்தில் கிடக்கிறது, இன்னொன்று ஏறக்குறைய நேர்க்கோட்டில் நிற்கிறது. 'இதை நானே போட்டிருப்பேனே' என்று பார்ப்பவருக்குத் தோன்றுகிறது. அதே கூடத்தில் பக்கத்து மேசையில் ஆடும் கல்லூரி மாணவன், மேசையின் நீளம் முழுவதையும் கடந்து ஒரு பந்தின் ஓரத்தைச் சீவி அதைக் குழிக்குள் தள்ளுகிறான். நண்பர்கள் ஆரவாரம் செய்கிறார்கள். அடுத்த அடியில் தவறவிட்டு உட்கார்ந்துவிடுகிறான்.

கடினமான அடி அந்த மாணவனுக்கு மட்டும் ஏன் வந்து சேர்கிறது? முந்தைய அடியில் வெள்ளைப் பந்தை எங்கே போகவிட்டான் என்பதில்தான் விடை இருக்கிறது. ஆரவாரம் பெற்ற அந்த அடி, அதற்கு முந்தைய அடிக்கு அவன் கட்டிய அபராதம்.

கேரம் ஆடிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடாது. கேரத்தில் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நின்றாலும் கையில் எடுத்து, கோட்டில் நமக்குத் தோதான இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அடியும் புதுக் கணக்கு. பில்லியர்ட்ஸில் அந்தச் சலுகை கிடையாது. வெள்ளைப் பந்து நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி. ஆகவே ஒரே அடியில் இரண்டு வேலை நடக்க வேண்டும்: வண்ணப் பந்து குழிக்குள் போக வேண்டும், வெள்ளைப் பந்து அடுத்த பந்துக்கு வசதியான இடத்துக்குப் போக வேண்டும். ஆட்டக்காரர்கள் இந்த இரண்டாவது வேலையை 'பொசிஷன்' என்பார்கள். முதல் வேலையை ஆறு மாதத்தில் ஓரளவு கற்றுவிடலாம். இரண்டாவதுதான் ஆளைப் பிரித்துக் காட்டும்.

அமெரிக்கரான வில்லி மோஸ்கோனி 1954 மார்ச்சில், ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஒரு காட்சி ஆட்டத்தில் தொடர்ந்து 526 பந்துகளைத் தவறாமல் குழிக்குள் போட்டார். 65 ஆண்டுகள் அதை யாரும் அதிகாரபூர்வமாக மிஞ்சவில்லை. 2019இல்தான் ஜான் ஷ்மிட் 626 எட்டினார். 526 கடினமான அடிகளை யாராலும் வரிசையாக அடிக்க முடியாது. 526 சுலபமான அடிகளைத் தனக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டார் மோஸ்கோனி.

சுலபம் என்றால் எவ்வளவு சுலபம்?

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே மேசையை வைத்துக்கொள்வோம். போட்டிகளில் பயன்படும் 9 அடி மேசை. பந்து ஓடும் பரப்பு நீளத்தில் 100 அங்குலம், அகலத்தில் 50 அங்குலம். நான்கு மூலைகளில் நான்கு குழிகள், நீண்ட பக்கங்களின் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குழிகள். பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், மூலைக் குழியின் வாய் ஏறத்தாழ நாலரை அங்குலம். அதாவது இரண்டு பந்துகள் ஒட்டி நின்றால் வாய் நிறைந்துவிடும்.

(ஸ்னூக்கர் மேசை இதைவிடப் பெரிது, 12 அடி. அந்த ஆட்டம் 1875இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் விடுதியில் பிறந்ததாகவும், அதன் விதிகள் சில ஆண்டுகள் கழித்து ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டதாகவும் சொல்வார்கள். ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறைக்கு இன்றும் அந்தப் பெருமை உண்டு. நம் விஷயத்துக்கு இந்த இரண்டு ஆட்டங்களும் ஒன்றே. இரண்டிலும் பந்து அதே விதிப்படிதான் மோதும்.)

ஒரு வண்ணப் பந்து மூலைக் குழியிலிருந்து 30 அங்குலம் தள்ளி இருக்கிறது என்போம். அது குழியின் நடுவைக் குறி வைத்துப் போகும்போது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சுமார் 2 டிகிரி விலகினாலும் விழுந்துவிடும். தாராளமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் நாம் அடிப்பது வண்ணப் பந்தை அல்ல, வெள்ளையை. வெள்ளையின் பாதையில் நேரும் சிறு விலகல், வண்ணப் பந்தின் பாதையில் பல மடங்கு பெருகும். வெள்ளை 35 அங்குலம் ஓடி வந்து மோதினால் ஏறக்குறைய 15 மடங்கு பெருகும். அப்படியானால் நமக்கு அனுமதிக்கப்பட்ட பிழை ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்குதான். 70 அங்குலம் தள்ளி நின்று அடித்தால் அதிலும் பாதி. ஓரத்தைச் சீவ வேண்டிய கோணம் என்றால் இன்னும் குறையும்.

ஆக, வெள்ளை அருகில் இருக்க வேண்டும், கோணமும் பெரிதாக இருக்கக் கூடாது. இந்த இரண்டும் வாய்த்தால் நாமே போட்டிருக்கக்கூடிய பந்து அது.

மோதிய பின் செங்கோணம்

வெள்ளைப் பந்து மோதிய பிறகு எங்கே போகும்? இதற்கு இயற்கை தரும் முதல் விடை ஆச்சரியப்படும் அளவுக்கு எளியது.

இரண்டு பந்துகளும் வழுவழுப்பானவை. மோதும் கணத்தில் ஒன்றையொன்று தொடுவது ஒரே ஒரு புள்ளியில். வழுவழுப்பான பரப்பு பக்கவாட்டில் இழுக்காது, நேராகத் தள்ள மட்டும் செய்யும். அதனால் வெள்ளையின் நடுவிலிருந்து வண்ணப் பந்தின் நடுவுக்குக் கோடு போட்டால், வண்ணப் பந்து அந்தக் கோட்டில்தான் கிளம்பும். வெள்ளை எந்தத் திசையில் வந்தது என்பது பொருட்டே இல்லை.

வெள்ளையிடம் இருந்த இயக்கத்தில், அந்தக் கோட்டின் வழியிலான பங்கு முழுவதையும் வண்ணப் பந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டும் சம எடை என்பதால் பாக்கி வைப்பதில்லை. வெள்ளையிடம் மிஞ்சுவது அந்தக் கோட்டுக்குக் குறுக்கான பங்கு மட்டுமே. ஆகவே இரண்டு பந்துகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் பிரிகின்றன. வெள்ளை போகும் இந்தத் திசையைப் 'பிரிகோடு' என்று வைத்துக்கொள்வோம். நேருக்கு நேர் மோதினால் குறுக்குப் பங்கே கிடையாது. வெள்ளை அடித்துவைத்தாற்போல் அங்கேயே நின்றுவிடும்.

சம எடை என்பது முக்கியம். அமெரிக்க மதுக்கூடங்களில் நாணயம் போட்டு ஆடும் மேசைகள் உண்டு. வெள்ளை தவறிக் குழியில் விழுந்தால் அதை மட்டும் பிரித்து வெளியே அனுப்புவதற்காக, சில பழைய மேசைகளில் வெள்ளையை மற்றவற்றைவிடக் கனமாகவோ பெரிதாகவோ செய்துவைத்திருப்பார்கள். அங்கே வெள்ளை எல்லாவற்றையும் முட்டிக்கொண்டு முன்னே போகும். செங்கோணக் கணக்கு அங்கே செல்லாது.

இந்தக் கணக்குகளையெல்லாம் முதலில் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தவர் பிரெஞ்சுக்காரரான கோரியோலிஸ். பூமி சுழல்வதால் காற்று திசை விலகுவதைப் பற்றிய பாடத்தில் வரும் அதே கோரியோலிஸ்தான். பில்லியர்ட்ஸ் பந்துகளின் கணிதத்தைப் பற்றி அவர் ஒரு முழு நூலே எழுதி 1835இல் வெளியிட்டார். அவர் பெயரை நிலைக்கவைத்த கட்டுரை வந்ததும் அதே ஆண்டு. அந்த ஆண்டு அவர் பில்லியர்ட்ஸுக்கு மட்டும் எவ்வளவு நேரம் ஒதுக்கினாரோ, பொறாமையாக இருக்கிறது.

உருளும் பந்து

ஆனால் மேசையில் நின்று அடித்துப் பார்த்தால் பெரும்பாலான நேரம் செங்கோணம் வருவதில்லை. வெள்ளை பிரிகோட்டில் கிளம்பி, உடனே முன்பக்கமாக வளைந்து போகிறது. காரணம் சுழற்சி.

துணியின் மேல் பந்து இரண்டு விதமாக நகரலாம். சுழலாமல் சறுக்கிக்கொண்டு போகலாம், அல்லது சக்கரம்போல் உருண்டு போகலாம். சறுக்கும் பந்தைத் துணியின் உராய்வு மெல்ல மெல்லப் பிடித்துச் சுழல வைத்து, கொஞ்ச தூரத்தில் உருளும் பந்தாக்கிவிடும். எப்படி அடித்தாலும் கடைசியில் எல்லாப் பந்தும் வந்து சேரும் நிலை உருளல்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

உருண்டு வரும் வெள்ளை, வண்ணப் பந்தில் மோதுகிறது. இந்த மோதல் ஆயிரத்தில் ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. அதற்குள் இயக்கம் கைமாறிவிடுகிறது, ஆனால் சுழற்சி கைமாற நேரமில்லை. வழுவழுப்பான பந்துகளுக்கிடையே அதற்குப் பிடிமானமும் இல்லை. எனவே வெள்ளை பிரிகோட்டில் கிளம்பினாலும், வந்த திசையில் உருண்ட சுழற்சி அதனிடமே தங்கிவிடுகிறது. அந்தச் சுழற்சி துணியைப் பற்றிக்கொண்டு பந்தை முன்னே இழுக்கிறது. பாதை வளைந்து, பிரிகோட்டுக்கும் பழைய திசைக்கும் இடையில் ஒரு திசையில் நிலைகொள்கிறது.

எந்தத் திசை? வண்ணப் பந்தின் பாதியை மறைக்கும்படி மோதினால், வெள்ளை வந்த திசையிலிருந்து சுமார் 34 டிகிரி விலகும். முக்கால் பந்தை மறைக்கும்படி மோதினாலும் கால் பந்தை மட்டும் தொட்டாலும் இதிலிருந்து பெரிய மாற்றம் இல்லை. 27 டிகிரிக்கு அருகில் வரும். ஆட்டத்தில் வரும் அடிகளில் கணிசமானவை இந்த வரம்புக்குள் அடங்கும். ஆகவே 'உருளும் பந்து சுமார் 30 டிகிரி விலகும்' என்று ஒரே எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு மாறுபட்ட மோதல்களுக்கு ஏன் ஒரே விடை? இப்படி யோசித்துப் பாருங்கள். நேருக்கு நேர் மோதினால் வெள்ளை, உருண்ட சுழற்சியால் நேராகவே முன்னே போகும், விலகல் இல்லை. ஓரத்தை உரசியும் உரசாமலும் போனால் அப்போதும் விலகல் இல்லை. இரண்டு முனைகளிலும் பூஜ்யம், நடுவில் ஏதோ ஒரு உச்சம். எந்த உச்சியிலும் ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் இடம் சமதளமாகத்தான் இருக்கும். அந்தச் சமதளம் பாதிப் பந்து மோதலை ஒட்டி அமைந்திருப்பது ஆட்டக்காரர்களின் அதிர்ஷ்டம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பேராசிரியராக இருந்த டேவிட் அல்சியாடோரே இதை அதிவேகக் காமிரா வைத்துப் படமெடுத்து விளக்கியவர். கோணமானி இல்லாமல் 30 டிகிரியை அளக்க அவர் பரப்பிய வழி: ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இரட்டை இலைச் சின்னம் காட்டுவதுபோல் விரித்து, ஒரு விரலை வெள்ளை வரும் திசையில் வையுங்கள். இன்னொரு விரல் காட்டும் திசையில் வெள்ளை போகும். தேர்தல் உற்சாகத்தில் விரிப்பதுபோல் அகலமாக விரித்துவிட வேண்டாம், லேசாக இறுக்கி விரித்தால் போதும்.

கோலின் நுனியில் மூன்று தெரிவு

செங்கோணமா, 30 டிகிரியா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? ஆடுபவர்தான், கோலின் நுனி பந்தை எந்த உயரத்தில் தொடுகிறது என்பதைக் கொண்டு. நடுவுக்கு மேலே தொட்டால் பந்து சீக்கிரமே உருளத் தொடங்கும். மேசையிலிருந்து பந்தின் உயரத்தில் பத்தில் ஏழு பங்கில் தொட்டால் முதல் கணத்திலிருந்தே சறுக்கலின்றி உருளும். இது 'ஃபாலோ'. நடுவுக்குக் கீழே தொட்டால் பந்து பின்சுழற்சியோடு சறுக்கும். மோதும்போதும் பின்சுழற்சி மிச்சமிருந்தால் வெள்ளை பிரிகோட்டிலிருந்து பின்பக்கமாக வளையும். இது 'ஸ்க்ரூ பேக்'. மோதும் கணத்தில் முன்னும் பின்னும் சுழற்சி இல்லாமல் வெறுமனே சறுக்கினால் கிடைப்பது அச்சு அசலான செங்கோணம். அது 'ஸ்டன்'.

கீழே அடிக்கும்போது நுனி வழுக்காமல் இருக்கத் தோல் முனை வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் மிங்கோ தோல் முனையைப் பிரபலப்படுத்தும் வரை, கோல்களின் மொட்டை மரமுனையால் இந்த வித்தைகள் சரிவரக் கைகூடவில்லை. சுண்ணம் தேய்ப்பதும் இதே வழுக்கலைத் தடுக்கத்தான். புகைப்படத்துக்காகத் தேய்ப்பதில்லை.

இடமோ வலமோ தொட்டுப் பக்கச் சுழற்சி கொடுப்பதும் உண்டு. மேசையின் ஓர விளிம்பான குஷனில் பட்டுத் திரும்பும் கோணத்தை அது மாற்றும். ஆனால் குறியையும் சற்றே திருப்பிவிடும். புதிதாக ஆடுபவர்கள் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான், முதலில் ஒதுக்கி வைக்க வேண்டியதும் அதைத்தான். இந்த அத்தியாயத்தில் அதற்கு வேலை இல்லை.

சிவப்பு விழுந்தால் கறுப்பு

இப்போது ஒரு நிலைமை. எயிட் பால் ஆட்டம். உங்கள் பந்துகளில் மிச்சமிருப்பது சிவப்பு ஒன்றுதான். அதைப் போட்டபின் கறுப்பைப் போட்டால் வெற்றி.

மேசையின் குறுகிய பக்கம் ஒன்றில் நீங்கள் நிற்கிறீர்கள். ஒரு தாளில் இதை வரைந்துகொண்டால் நல்லது. கறுப்பு உங்கள் பக்கத்துக் குஷனிலிருந்து 25 அங்குலம் தள்ளி, இடது குஷனிலிருந்து 33 அங்குலத்தில் இருக்கிறது. வெள்ளை, மேசையின் சரிபாதித் தூரத்தில், இடது குஷனிலிருந்து 39 அங்குலத்தில். சிவப்பு அதற்கும் அப்பால், உங்களிடமிருந்து 83 அங்குலம் தள்ளி, இடமிருந்து 40 அங்குலத்தில். எதிர்ப்பக்கத்து வலது மூலைக் குழி சிவப்புக்கு 20 அங்குல தூரம். வெள்ளையை மேசையின் நீளவாக்கில் நேராக அனுப்பினால், அது சிவப்பின் பாதியை மறைத்து மோதும், சிவப்பு 30 டிகிரி வலப்பக்கம் விலகிக் குழிக்குப் போகும். போடுவது பெரிய பாடில்லை.

அனுபவசாலி சிவப்பைப் பார்ப்பதற்கு முன் கறுப்பைப் பார்ப்பார். கறுப்பை எந்தக் குழியில் போடுவது? மூலைக் குழிகளில் உங்கள் வலக்கைப் பக்கத்துக் குழிதான் அருகில் இருக்கிறது, 30 அங்குலம். அந்தக் குழியிலிருந்து கறுப்பு வழியாக ஒரு கோடு இழுத்து அப்பால் நீட்டினால், அது மேசையின் குறுக்கே சாய்ந்து, நடுக் குழியைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இடது குஷனைப் போய்த் தொடும். வெள்ளை இந்தக் கோட்டின் மேலோ அதை ஒட்டியோ நின்றால் கறுப்பு நேர்ப்பந்து. இதை 'நற்கோடு' என்போம். இனிக் கேள்வி ஒன்றே. சிவப்பைப் போட்டபின் வெள்ளையை நற்கோட்டுப் பக்கம் கொண்டுபோவது எப்படி?

புதியவர் செய்வது மென்மையான அடி. வெள்ளை சிவப்பைத் தள்ளிவிட்டு, எதிர்க் குஷனைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். ஆபத்தில்லாத அடி போலத் தெரியும். ஆனால் இப்போது கறுப்பு 70 அங்குலம் தள்ளி இருக்கிறது, கோணமும் 27 டிகிரியை நெருங்குகிறது. அபராதம் எழுதப்பட்டுவிட்டது.

ஸ்டன் அடித்தால்? வெள்ளை பிரிகோட்டில் போகும். அது வந்த திசையிலிருந்து 60 டிகிரி இடப்பக்கம். எதிர்க் குஷனை இடது மூலைக் குழிக்கு ஏழெட்டு அங்குலம் முன்னால் தொடும். கொஞ்சம் பிசகினால் வெள்ளையே குழியில் விழும். தப்பித்தால் இடது குஷனிலும் பட்டு, மேசையின் குறுக்கே வலப்பக்கம் திரும்பும். திரும்பத் தொடங்கும் இடத்தில் கறுப்புக்கான கோணம் 9 டிகிரிதான், அருமை. ஆனால் அங்கிருந்து 40 அங்குலம் ஓடுவதற்குள் அது 36 டிகிரி ஆகிவிடும். அதாவது வெள்ளை நல்ல இடத்தைத் தொட்டுவிட்டு, ஓட ஓட நற்கோட்டை விட்டு விலகுகிறது.

ஃபாலோ அடித்தால், விரல் காட்டும் வழியில், 34 டிகிரி இடப்பக்கம். எதிர்க் குஷனின் ஏறக்குறைய மத்தியில் படும். அங்கிருந்து இடது குஷனுக்கு வரும், நடுக் குழிக்குப் பத்துப் பதினோரு அங்குலம் அப்பால். அதில் பட்டு, கறுப்பு இருக்கும் பக்கமாக, வலது மூலையை நோக்கி இறங்கும். தாளில் வரைந்தவர்கள் கவனித்திருப்பீர்கள், இந்தக் கடைசித் துண்டு நற்கோட்டுக்கு இணையாக, ஆறேழு அங்குல இடைவெளியில் ஓடுகிறது.

இடது குஷனைத் தொடுவதற்கு 30 அங்குலம் முன்பே கோணம் 20 டிகிரிக்குள் வந்துவிடுகிறது. தொட்டு இறங்கும்போது 8 டிகிரி. மேலும் 25 அங்குலம் ஓடினாலும் 16 டிகிரியைத் தாண்டவில்லை. மொத்தம் 55 அங்குலப் பாதையில் வெள்ளை எங்கே நின்றாலும் கறுப்பு சுலபமான பந்து.

வேகம் என்ற துரோகி

பாதை முழுக்க நல்லதாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு கவலை? நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்து, அங்கே நிறுத்திவிட்டால் போதாதா?

நிறுத்துவதுதான் கடினம். வெள்ளை எந்தப் பாதையில் போகும் என்பதைப் பெரும்பாலும் மோதல் தீர்மானித்துவிடுகிறது. சிவப்பு குழிக்குள் போக வேண்டும் என்றாலே பிரிகோடு முடிவாகிவிட்டது. உருளும் பந்து என்றால் விலகலும் முடிவாகிவிட்டது. ஆனால் அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் என்பது முழுக்க உங்கள் கையின் வேகத்தில் இருக்கிறது, கை அவ்வளவு நம்பகமானதல்ல.

அதோடு ஓடும் தூரம் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 10 சதவீதம் வேகமாக அடித்தால் பந்து 10 சதவீதம் அல்ல, 21 சதவீதம் அதிக தூரம் ஓடும். நம் உதாரணத்தில், மோதிய இடத்திலிருந்து இரண்டு குஷன்களும் பட்டு நல்ல இடத்துக்கு வர வெள்ளை சுமார் 80 அங்குலம் ஓட வேண்டும். குஷன்கள் தின்னும் வேகத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், 10 சதவீதம் பிசகினால் 17 அங்குலம் தள்ளிப் போய் நிற்கும். அந்தப் பிசகு கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். ஆகவே 'இந்த இடத்தில் நிறுத்துவேன்' என்பது நடைமுறையில் முப்பது முப்பத்தைந்து அங்குலத்துக்கு நீண்ட ஒரு கோட்டின் மேல் எங்கோ நிற்கும் என்பதுதான்.

அந்தக் கோடு நற்கோட்டுக்கு இணையாகக் கிடந்தால், வேகத்தில் நேர்ந்த பிழை வெறும் தூர வித்தியாசமாக முடிந்துவிடும். குறுக்காகக் கிடந்தால் அதே பிழை கோண வித்தியாசமாக மாறி உங்களைத் தண்டிக்கும். கை தேர்ந்தவர்கள் 'கோட்டுக்குள் வா, கோட்டைக் கடக்காதே' என்று புதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஸ்டன் வழியில் கிடைத்த 9 டிகிரி பொய்யல்ல. அதைப் பிடிக்க வேகம் அச்சொட்டாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

ஃபாலோவுக்கு இன்னொரு பலமும் உண்டு. ஸ்டன் என்பது கத்தி முனையில் நிற்பது. மோதும் கணத்தில் சுழற்சி பூஜ்யமாக இருக்க வேண்டும். துளி முன்சுழற்சி சேர்ந்தால் 60 டிகிரி 55 ஆகும், துளி பின்சுழற்சி இருந்தால் மறுபக்கம் சாயும். உருளலில் அந்தக் கவலை இல்லை. எல்லாப் பந்தும் தானாக வந்து சேரும் நிலை அது என்று பார்த்தோம். கோல் கொஞ்சம் மேலே பட்டாலும் கொஞ்சம் கீழே பட்டாலும், 30 அங்குல ஓட்டத்தில் துணியே உங்கள் பிழையைத் திருத்தி உருளவைத்துவிடும். உங்கள் சார்பாக உராய்வு வேலை செய்யும் ஓர் அடியை விட்டுவிட்டு வேறு அடியைத் தேர்வதற்கு வலுவான காரணம் வேண்டும்.

நிலைமையைக் கொஞ்சம் மாற்றினால்

வலுவான காரணங்கள் வரத்தான் செய்யும். எதிராளியின் பந்து ஒன்று எதிர்க் குஷனின் மத்தியில் ஒட்டிக் கிடக்கிறது என்போம். ஃபாலோ வழி அடைபட்டுவிட்டது. அப்போது ஸ்க்ரூ பேக். பாதிப் பந்து மோதலில் நல்ல பின்சுழற்சி கொடுத்தால் வெள்ளை ஏறக்குறைய நேர் இடப்பக்கமாக, மேசையின் குறுக்கே ஓடும். இடது குஷனுக்கு முன் 20 அங்குலத்துக்குள் எங்கே நின்றாலும் கறுப்புக்கான கோணம் 21 டிகிரிக்குள்தான். மோசமில்லை. ஆனால் கறுப்பு 55 அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்கும், பின்சுழற்சிக்காகப் பலமாக அடிக்க வேண்டியிருப்பதால் சிவப்பே தவறும் ஆபத்தும் கூடும். இருக்கும் வழிகளில் அது இரண்டாவது.

வெள்ளை தொடக்கத்தில் 39 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலத்தில் இருந்தால்? சிவப்பில் முக்கால் பந்து மோதல். உருளும் வெள்ளை 27 டிகிரி விலகினாலும், வலப்பக்கம் சாய்ந்து வந்ததால் எதிர்க் குஷனில் ஏறக்குறைய நேராகப் பட்டு, ஒரே குஷனோடு மேசையின் நடுவே இறங்கும். வழி எளிதாகிவிட்டது போலத் தெரியும். கணக்குப் போட்டால், கறுப்புக்கு 20 டிகிரிக்குள் கோணம் கிடைக்கும் பகுதி 55 அங்குலத்திலிருந்து 21 அங்குலமாகச் சுருங்கிவிட்டிருக்கும். முந்தைய அடியில் வெள்ளை ஒன்பது அங்குலம் இடப்பக்கம் நின்றதன் விலை இது.

இன்னும் ஒன்பது அங்குலம் இடப்பக்கம் தள்ளி, 21 அங்குலத்தில் நின்றிருந்தால் சிவப்பு நேர்ப்பந்து. போடுவதற்கு அதைவிடச் சுலபம் இல்லை. ஆனால் நேர்ப்பந்தில் பிரிகோட்டின் பக்கம் வேகமே மிஞ்சாது. வெள்ளை முன்னே போனால் சிவப்பின் பின்னாலேயே குழியை நோக்கிப் போகும், அல்லது வந்த கோட்டிலேயே பின்னே வரும், அவ்வளவுதான். இங்கே கறுப்புக்கு வர, வெள்ளையை மூன்றடி தூரம் அப்படியே பின்னிழுக்க வேண்டும். நன்றாக ஆடுபவர்களுக்கு அது கைவந்த அடி. மற்றவர்கள் நேர்ப்பந்து கிடைத்த மகிழ்ச்சியில் சிவப்பைப் போட்டுவிட்டு, வெள்ளை எதிர்மூலையில் நிற்பதைக் கண்டு சுண்ணக் கட்டியைத் தேடுவார்கள்.